முக்கால் தேக்கரண்டிச் சர்க்கரை

இங்கிலாந்தில் குப்பியில் அடைத்த பீர் எப்படி உண்டானது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். தாமஸ் ஃபுல்லர் என்னும் மதகுரு தம் நாட்டுப் பெரியோர்களைப் பற்றித் தொகுத்து, அவர் மறைந்த மறு ஆண்டு, 1662-இல், அச்சேறிய பெருநூலில் அக்கதை இடம்பெற்றிருக்கிறது. கதாநாயகர் அலெக்சாண்டர் நோவல். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குருவாக 1560 முதல் 1602 வரை இருந்தவர். மறையுரைக்கு அடுத்தபடியாக அவர் மனம் தோய்ந்தது தூண்டிலில். ஒருநாள் மீன்பிடிக்கப் போன இடத்தில், கொண்டுபோன ஏல் குப்பியைப் புல்லுக்குள் வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டார். சில நாள் கழித்துத் தேடியெடுத்துத் தக்கையைப் பிடுங்கியபோது துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்ததாம். குப்பி ஏலின் பிறப்பு இதுதான் என்று மக்கள் நம்புகிறார்கள் என ஃபுல்லர் எழுதிவைத்தார்.

மேரி அரசியின் ஆட்சியில், மதத்தின் பெயரால் உயிருக்கு ஆபத்து வந்தபோது நோவல் நாட்டைவிட்டுத் தப்பியோடியது வரலாறு. பின்னால் வந்தவர்கள் அதையும் குப்பியையும் ஒன்றாக முடிந்து, ஓடும்போது விட்டுச்சென்ற குப்பியைப் பல ஆண்டு கழித்து வந்து திறந்தார் என்று கதையை வளர்த்தார்கள். கம்பரையும் ஔவையாரையும் சுற்றித் தனிப்பாடல் கதைகள் முளைத்த விதத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. நோவலுக்கு முன் எவரும் குப்பியில் ஏல் அடைக்கவில்லை என்பதும் நம்பும்படியாக இல்லை. ஆனாலும் கதைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அந்த ஓசை உண்மை. அதை எழுப்பவும், எழும்போது குப்பி உடையாமல் காக்கவும் மனிதர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மெனக்கெட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஓசைக்குக் காரணம் எளிது. முளைகட்டிய தானியத்திலிருந்து இறக்கிய இனிப்புநீரில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, ஏறக்குறைய பாதியைச் சாராயச் சத்தாகவும் பாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பாத்திரம் திறந்திருந்தால் வாயு நுரைத்துப் போய்விடும். எஞ்சும் பானம் தட்டையாக, உயிரற்று இருக்கும். சர்க்கரை முழுதும் தீருமுன் அதை இறுக மூடிய குப்பிக்குள் அடைத்துவிட்டால், வெளியேற வழியில்லாத வாயு பானத்திலேயே கரைந்து நிற்கும். மூடி திறந்ததும் சீறும்.

திறந்த பாத்திரப் பீர் என்றால் என்ன என்பதற்குத் தமிழ் வாசகர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணர்களுக்குக் கிடைக்கும் விருந்தை நினைவுகூரலாம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளைவித்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். வகுப்பறையில் இதைக் 'கள்' என்ற ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். செய்முறையைப் பார்த்தால் இது பனங்கள்ளுக்கு உறவில்லை, பீருக்குத்தான் பங்காளி. தானிய மாவுச்சத்தை முளையின் துணையால் சர்க்கரையாக்கிப் பிறகு புளிக்கவைப்பதுதானே பீரின் இலக்கணம்? இரண்டு நாளில் விளைந்து, விளைந்த சூட்டிலேயே குடித்துத் தீர்க்கப்படும் பானம் அது. வாயுவைச் சிறைபிடிக்கும் எண்ணம் அங்கே இல்லை. மண்சாடிக்கு அந்த வலுவும் இல்லை. (மூங்கில் குழாயில் முதிர்வித்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அது தனியே எழுதவேண்டிய செய்தி.)

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹியூ பிளாட் என்பவர் சீமாட்டிகளுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பழப்பாகு, வாசனைநீர், முகப்பூச்சு இவற்றுக்கிடையே பீரைச் சரியாகக் குப்பியில் அடைப்பது எப்படி என்றும் ஒரு குறிப்பு அதில் வருகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் ஆகி ஓரளவு தெளிந்தபின் அடைக்கவேண்டும். தக்கை குப்பியின் வாய்க்குக் கச்சிதமாக இருக்கவேண்டும். உள்ளே அது மீண்டும் வேலைசெய்யத் தொடங்கும்வரை தொடக்கூடாது. இவை அவர் சொன்னவற்றின் சாரம். சந்தையில் விற்கும் குப்பி ஏல் கலங்கலாகவும் இடிமுழக்கத்தோடும் இருப்பதற்குக் காரணம், நிலவறைக்கு வந்த அன்றே அதை அடைத்துவிடுவதுதான் என்றும் சொல்கிறார். நுண்ணோக்கி இல்லை, ஈஸ்ட் என்று ஓர் உயிர் இருப்பது யாருக்கும் தெரியாது, கரியமில வாயுவுக்குப் பெயரே கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனிதர் 'முதல் நொதிப்பு அடங்கட்டும், இரண்டாவது நொதிப்பு குப்பிக்குள் நடக்கட்டும்' என்ற முறையைக் கண்ணாலும் நாவாலும் மட்டுமே கண்டடைந்திருக்கிறார். இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

1615-இல் ஜெர்வேஸ் மார்க்கம் எழுதிய 'ஆங்கில இல்லத்தரசி' அடுத்த படி. குறுகிய வாயுடைய உருண்டைக் குப்பிகளில் ஏலை அடைத்து, தக்கையை வலுவான நூலால் கட்டி, குளிர்ந்த நிலவறையில் இடுப்பளவு மணலில் புதைத்து வைக்கச் சொல்கிறார் மார்க்கம். நூல்கட்டு தக்கை எகிறிப் போகாமலிருக்க. மணல் எதற்கு என்று அவர் விளக்கவில்லை. குளிர்ச்சிக்காக இருக்கலாம், ஒரு குப்பி வெடித்தால் பக்கத்துக் குப்பிகளையும் இழுத்துக்கொண்டு போகாமலிருக்கவும் அது உதவியிருக்கும். அக்காலக் கண்ணாடி அப்படி. விறகு உலையில் ஊதிய மெல்லிய குப்பிகள் மேசைக்குப் பானம் பரிமாறத்தான் தகுந்தவை.

அதே 1615-இல் நடந்த இன்னொரு காரியம் இந்தக் குறையைத் தீர்த்தது. கப்பல் கட்ட மரம் போதாமல் போய்விடுமென்று அஞ்சிய முதலாம் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடைசெய்தார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். கரி உலையின் வெப்பம் அதிகம். 1630களில் கெனெல்ம் டிக்பி முதலியோரின் பட்டறைகளில் இருண்ட நிறமும் தடித்த சுவரும் கொண்ட வலுவான குப்பிகள் உருவாயின. கடற்படைக்காகப் போட்ட ஆணை கடைசியில் மதுக்குப்பிக்கு உதவியது. பொருள்களின் வரலாற்றில் இப்படித்தான் நடக்கிறது. மன்னருக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

குப்பி வந்துவிட்டது, தக்கை இருக்கிறது. மூன்றாவது பொருள் சர்க்கரை. நொதிப்பு முடிந்து தெளிந்த பானத்தில் தின்ன ஒன்றுமில்லாத ஈஸ்டுக்குச் சிறிதளவு சர்க்கரை கொடுத்து மறுபடி எழுப்புவதை ஆங்கிலத்தில் பிரைமிங் என்பார்கள். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் கடைசிப் படி. இதைப் பற்றிய பழைய சான்றுகளில் புகழ்பெற்றது பீரைப் பற்றியதன்று, திராட்சை மதுவைப் பற்றியது. 1662 டிசம்பர் 17 அன்று கிறிஸ்டோபர் மெரட் என்னும் மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை படித்தார். மது வணிகர்கள் எல்லா வகை மதுவிலும் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்து அதைத் துடிப்பும் மினுமினுப்பும் உள்ளதாக்குகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டார். ஷாம்பெயின் மதுவின் தந்தை என்று பலரும் சொல்லும் தோம் பெரிஞோன் பாதிரியார் ஓவியே மடத்துக்கு வந்தது 1668-இல்தான். அதே 1662-இல் மெரட் இன்னொன்றும் செய்தார்: அந்தோனியோ நேரி இத்தாலிய மொழியில் எழுதியிருந்த கண்ணாடிக் கலை பற்றிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கண்ணாடியும் சர்க்கரையும் ஒரே மனிதரின் மேசையில், ஒரே ஆண்டில். (ஃபுல்லரின் நூல் வந்ததும் அவ்வாண்டே. தற்செயல்தான், அதற்கு மேல் அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.)

ஆனால் எவ்வளவு சர்க்கரை? அங்கேதான் சிக்கல். அக்கால வீட்டுக் குறிப்புகள் 'கொட்டைப்பாக்களவு' என்பதுபோன்ற கண்ணளவுகளில் பேசுகின்றன. இட்லிக்கு உப்பு போடக் கண்ணளவு போதும். தவறினால் சுவை கெடும், அவ்வளவுதான். குப்பிச் சர்க்கரையில் கண்ணளவு தவறினால் விளைவு வேறு. குறைந்தால் பீர் தட்டை. கூடினால் குப்பி சிதறும். கையில் பிடித்திருக்கும்போது சிதறினால் கண் போகும். சேர்த்த சர்க்கரையோடு, நொதிப்பு முடியாமல் பானத்திலேயே மிச்சமிருந்த சர்க்கரையும் கூடிக்கொள்ளும் என்பதுதான் பெரிய ஆபத்து. அந்த மிச்சத்தைக் கண்ணால் காணமுடியாது. நாக்கும் ஓரளவுக்குத்தான் சொல்லும்.

ஷாம்பெயின் வணிகர்கள் இதற்குக் கொடுத்த விலை அதிகம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வசந்தம் பிறந்து நிலவறை வெதுவெதுப்பானால் குப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கும். உள்ளே போகும் தொழிலாளர்கள் இரும்புக் கம்பிவலை முகமூடி அணிந்துகொண்டார்கள். தீர்வு ஒரு மருந்துக் கடையிலிருந்து வந்தது. ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ஃபிரான்சுவா, அடைக்கப்போகும் மதுவில் ஏற்கெனவே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை அடர்த்தி அளக்கும் கருவியால் கணித்து, அதற்கேற்பச் சேர்க்கவேண்டிய அளவைச் சொல்லும் முறையை 1836-இல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த காலத்தில் பெரிய புகழ் கிட்டவில்லை. ஆனால் 'சிறிது' என்ற சொல் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது.

இதில் இலக்கிய மாணவனான எனக்கு வியப்பூட்டுவது காலவரிசை. ஈஸ்ட் ஓர் உயிர், நொதிப்பு அதன் செயல் என்று கான்யார்-லத்தூரும் தியோடர் ஷ்வானும் எழுதியது அடுத்த ஆண்டு, 1837-இல். வேதியியலாளர்கள் சிலர் அதை நையாண்டி செய்தார்கள். பாஸ்டர் வந்து ஐயமற நிறுவ இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பீரைப் பற்றிய அவருடைய பெருநூல் 1876-இல் வெளியானது. ஆக, யார் தின்கிறார் என்று உறுதியாகத் தெரியுமுன்பே எவ்வளவு பரிமாறவேண்டும் என்பது கணக்கிடப்பட்டுவிட்டது.

அந்தக் கணக்கு இன்று பள்ளி மாணவரும் போடக்கூடியது. ஒரு லிட்டரில் சுமார் 4 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால், அந்தப் பானத்தின் கனஅளவுக்குச் சமமான கரியமில வாயு அதில் சேரும். நொதித்து முடிந்த பீரில், 20 பாகை செல்சியஸில், ஏறக்குறைய 0.9 மடங்கு வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். பருகச் சுவையான அளவு 2.4 மடங்கு என்று கொண்டால் குறைவது 1.5 மடங்கு. ஆகவே லிட்டருக்கு 6 கிராம். 20 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அரை லிட்டர்க் குப்பிக்கு 3 கிராம், முக்கால் தேக்கரண்டி. குப்பி குப்பியாக அளந்து போடுவதில்லை. சர்க்கரை மொத்தத்தையும் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றித் தனிப் பாத்திரத்தில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியே அலுங்காமல் இறக்கினால் தானே சீராகக் கலந்துவிடும். அலுங்கினால் காற்று கலந்து சுவை கெடும். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, இரண்டு வாரம் வெதுவெதுப்பான இருட்டில் வைப்பார்கள். இறுதியில் உள்ளே நிற்கும் அழுத்தம் கார் டயரில் அடைத்த காற்றைவிடச் சற்றே குறைவு. ஷாம்பெயினுக்கு லிட்டருக்கு 24 கிராம் வரை போய் ஆறு வளிமண்டல அழுத்தத்தை எட்டுவார்கள். அதனால்தான் அந்தக் குப்பி அவ்வளவு கனம்.

மிச்சச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் அடர்த்திமானி பீர்க்காரர்களுக்குப் புதிதன்று. 1784-இலேயே ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் பீர் ஆலைக்கென்று அதை வடிவமைத்து நூலும் எழுதினார். அடர்த்தி 1.010-இல் நிற்கவேண்டிய பீரை 1.013-இலேயே அவசரப்பட்டு அடைத்தால், அந்த மூன்று புள்ளிகளில் ஏறத்தாழ இன்னொரு பங்கு பிரைமிங் சர்க்கரை ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ரிச்சர்ட்சன் எழுதியது ஆலை முதலாளிகளுக்கு. கருவியும் கணக்கும் ஆலைக்குப் போயின, சமையலறைக்கு வரவில்லை.

சமையலறையிலோ காய்ச்சுதலே நின்றுகொண்டிருந்தது. 1821-22இல் வில்லியம் காபெட் 'குடிசைப் பொருளாதாரம்' நூலில், உழவர் வீடுகளில் பீர் காய்ச்சுவது ஒழிந்து தேநீர் புகுந்துவிட்டது என்று கொதித்தார். தேநீர் உடலையும் குடும்பத்தையும் கெடுக்கிறது என்பது அவர் வாதம். நூறாண்டு கழித்துத் தமிழ்நாட்டில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்தபோது எழுந்த புலம்பல்களை, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் படித்தவர்களுக்குக் காபெட்டின் குரல் பழகியதாக இருக்கும். அவர் குற்றம் சாட்டியது தேநீரை மட்டுமன்று, மால்ட் மீது விதித்த வரியையும். அதில் அவர் சொன்னது நியாயம் என்றே கருதுகிறேன். 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீரின்மீதே வரி விதித்தபோது வீட்டில் காய்ச்சுவோருக்கும் உரிமம் தேவைப்பட்டது. ரெஜினால்ட் மோட்லிங் என்ற நிதியமைச்சர் 1963-இல் அதை நீக்கும்வரை அந்த நிலை நீடித்தது.

இதற்கிடையில் ஆலைப் பீரும் மாறிவிட்டது. குளிர்வித்து, வடிகட்டி, ஈஸ்டை முற்றிலும் அகற்றி, வாயுவை வெளியிலிருந்து செலுத்தி அடைக்கத் தொடங்கினார்கள். 1767-இல் லீட்ஸில் ஒரு பீர் ஆலையின் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, தொட்டிமேல் திரண்டு நின்ற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்த விளையாட்டின் முதிர்ச்சி இது. சோடாவும் அதே வழி வந்ததுதான். ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற, உள்வாயுவே கோலிக்குண்டை மேலே தள்ளி அடைக்கும் குப்பிதான் நம்மூர்க் கோலி சோடா. 1892-இல் பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் நெளிவிளிம்புத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றபின் தக்கையும் நூல்கட்டும் தேவையற்றுப்போயின. பெல்ஜியத்தின் டிராப்பிஸ்ட் மடங்கள், இங்கிலாந்தின் வொர்திங்டன் வைட் ஷீல்ட் போன்ற சில பெயர்கள் மட்டும் குப்பிக்குள் உயிரோடு ஈஸ்டை விட்டுவைத்தன.

வீட்டுக் குப்பி மறுபடி வெடிக்கத் தொடங்கியது அமெரிக்காவில். 1920-இல் மதுவிலக்கு வந்ததும் பீர் ஆலைகள் பிழைப்புக்காக மால்ட் பாகைத் தகர டப்பாவில் விற்றன. ரொட்டி சுடுவதற்காம். வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஈஸ்டும் சர்க்கரையும் சேர்த்து, சில நாளில், அடர்த்தியாவது கிடர்த்தியாவது, குப்பியில் அடைத்து நிலவறையில் வைத்தார்கள். நடு இரவில் கீழேயிருந்து வரும் வெடிச்சத்தம் அந்தத் தலைமுறையின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டத்துக்குப் புறம்பான தொழிலில் அளவு சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. ஃபிரான்சுவாவின் கணக்கு வெளியாகி எண்பது ஆண்டு கடந்திருந்தது. ஆனாலும் அந்த நிலவறைக்காரர் ஹியூ பிளாட்டுக்கும் முந்திய இடத்தில் நின்றார். சந்தையின் அவசரக்காரர்களைப் பற்றிப் பிளாட் எச்சரித்ததைக்கூட அவருக்குச் சொல்ல யாருமில்லை.

1933-இல் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் திராட்சை மது செய்ய அனுமதி கிடைத்தது, பீருக்கு இல்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அது மாறியது. செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் அது. 1979 பிப்ரவரி 1 முதல், வயதுவந்தோர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன்வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் இசைந்தன. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். மேலே உள்ள கணக்கை வாசகர்கள் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளவும்.)

சட்டம் வந்ததும் கணக்கும் வெளியே வந்தது. 1978-இல் சார்லி பப்பாசியனும் நண்பர்களும் கொலராடோவில் வீட்டுப் பீர்க்காரர்களுக்கென்று சங்கம் தொடங்கிப் பத்திரிகையும் நடத்தினார்கள். அடர்த்திமானி சில டாலருக்குக் கிடைத்தது. ஆலை முதலாளிக்கும் ஷாம்பெயின் வணிகருக்கும் மட்டும் தெரிந்திருந்த எண்கள் அடுப்படி அட்டவணைகளாயின. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, எண் மாறாமலிருந்தால்தான் அடைக்கவேண்டும் என்பது இப்போது புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

அப்படியும் பலர் ஒரு வேலை செய்கிறார்கள். கண்ணாடிக் குப்பிகளோடு ஒரே ஒரு பிளாஸ்டிக் குப்பியிலும் அதே பீரை நிரப்பி வரிசையின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். முதல் நாள் அழுத்தினால் அது மெத்தென்று குழியும். நாளாக ஆக விறைக்கும். கட்டைவிரலுக்குக் கல்லாகிவிட்டால் மற்றவையும் தயார் என்று கொண்டு, நொதிப்பு மேலும் ஓடாமலிருக்க எல்லாவற்றையும் குளிருக்கு மாற்றுகிறார்கள். ஊற்றும்போது அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்காமல் கடைசி விரற்கடை அளவைக் குப்பியிலேயே விட்டுவிடுகிறார்கள்.